திராஸ் வரை ஓட்டுவதா, ரயிலில் ஏற்றுவதா?

திருச்சி கன்டோன்மென்ட் பக்கம் போய்வருகிறவர்களுக்கு மேஜர் சரவணன் நினைவிடம் தெரிந்திருக்கும். பிகார் ரெஜிமென்ட்டின் முதலாம் பட்டாலியன். 1999 மே 29 அன்று கார்கில் போரில், பட்டாலிக் பகுதியில் உயிர்விட்டபோது அவருக்கு வயது 26. உடலை மலையிலிருந்து மீட்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வீர் சக்ரா விருது பிறகு வந்தது.

அந்த நினைவிடத்தில் கிளம்பி, லடாக்கில் திராஸ் போர் நினைவிடம் வரை ஆறு பேர் பைக்கில் போக வேண்டும், அதை வைத்துப் படைவீரர் குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் திரட்ட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். எண்ணம் வந்து ஆறு மாதமாகிறது. வாட்ஸப் குழுவில் தினமும் பைக் படங்கள் வருகின்றன. எப்படிப் போவது என்பது மட்டும் முடிவாகவில்லை. இதே மாதிரித் திட்டம் போடுகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று வழிகளை எடைபோட்டு எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

முதலில் ஒரு கேள்வி. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். முதல் நன்கொடை அவரிடமே வாங்குவோம் என்று நோட்டீஸை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதாகப் படித்தார். மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, “நீங்க பைக் ஓட்டுறதுக்கு நான் எதுக்குத் தம்பி பணம் தரணும்?” என்றார்.

சிரித்துச் சமாளித்துவிட்டு வந்தேன். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. அன்றைக்கு இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

திருச்சியிலிருந்து முசிறி வழியாக நாமக்கல் போய் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜலந்தர், ஜம்மு என்று ஒரே சாலை ஸ்ரீநகர் வரை கொண்டுபோய் விடும். அங்கிருந்து 1ஆம் எண் நெடுஞ்சாலையில் சோனாமார்க், ஸோஜிலா கணவாய், திராஸ். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 3,500 கி.மீ. போகவர 7,000. லிட்டருக்கு 35 கி.மீ. தரும் வண்டி, லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பெட்ரோலுக்கு 20,000. ஓய்வு நாட்களோடு 22 நாள். சாப்பாடு, தங்கல் நாளுக்கு 1,500 என்றால் 33,000. செயின் செட், இரண்டு தடவை ஆயில், பின் டயர் என்று ஒரு 10,000. ஆளுக்கு 63,000, ஆறு பேருக்கு மூன்றேமுக்கால் லட்சம்.

மூன்றேமுக்கால் லட்சத்தைச் செலவழித்து மூன்று லட்சம் திரட்டினால், அந்தப் பணத்தை அப்படியே பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம். ஹவில்தார் கேட்டது இதைத்தான். ஆகவே எந்த வழியைப் பார்த்தாலும் ஓட்டத்துக்கு எவ்வளவு போகிறது, அந்த ஓட்டத்தால் எவ்வளவு வருகிறது என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பார்த்தேன். பயணச் செலவு முழுக்க அவரவர் பையிலிருந்து. நன்கொடையில் ஒரு ரூபாய்கூடப் பெட்ரோலுக்குப் போகாது என்பதில் ஆறு பேருக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

போகவரச் சாலையிலேயே ஓட்டுவது எங்களில் மூவரின் ஆசை. கௌரவமான ஆசைதான். நாமும் போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம். இருசக்கர வண்டிக்குத் தேசிய நெடுஞ்சாலையில் சுங்கக் கட்டணம் கிடையாது என்பது ஒரு சின்ன ஆறுதல். சாலையும் இப்போது நன்றாகவே இருக்கிறது. நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவில் பெஞ்ச் காட்டுக்குள் நெடுஞ்சாலையைத் தூண்கள்மேல் தூக்கிவிட்டு, கீழே புலி போகவர வழிவிட்டிருக்கிறார்கள். அந்தப் பாலத்துக்காகவே ஒருமுறை போகலாம். ஹைதராபாத்தில் வெளிவட்டச் சாலையில் பைக் ஏற விடமாட்டார்கள், ஊருக்குள் புகுந்துதான் வர வேண்டும். காலை ஆறு மணிக்கு முன் அந்த ஊரைத் தாண்டிவிட்டால் பிழைத்தீர்கள்.

ஆனால் திரும்பிவரும் 3,500 கி.மீ. எனக்கு உறுத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நால்வர் கன்னியாகுமரியிலிருந்து டெல்லிவரை ஒரு சிறுநீரகச் சிகிச்சை நிதிக்காக ஓட்டினோம். பணம் வந்த தேதிகளைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். பெரும்பகுதி கிளம்புவதற்கு முந்தைய மூன்று வாரத்தில் வந்திருந்தது. போய்ச் சேர்ந்து படம் போட்ட அன்றும் மறுநாளும் இன்னொரு கை வந்தது. நடுவழியில் சொற்பம். திரும்பும் வழியில் ஒரு பைசா இல்லை. யாரும் பார்க்கவே இல்லை.

பார்க்காதது மட்டும் என்றால் பரவாயில்லை. அந்தத் தடவை லலித்பூர் தாண்டி மதியம் மூன்று மணி. எனக்கு முன்னால் போன நண்பனின் வண்டி கோடு தப்பாமல் போய்க்கொண்டிருந்தது. பிறகு மெல்ல, மிக மெல்ல, இடப்பக்கம் சரிந்து தார் முடியும் இடத்துக்கு வந்தது. பிரேக் விளக்கு எரியவில்லை. நான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். சக்கரம் சரளையில் இறங்கிய சத்தத்தில்தான் அவன் விழித்தான். இரண்டு தடவை வண்டி வாலாட்டி, எப்படியோ நின்றது. இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே புளியமரத்தடியில் உட்கார்ந்தான். “தூங்கலடா, கண்ண மூடித் திறந்தேன், அவ்வளவுதான்” என்றான். போகும்போது உடம்பைத் தூக்கி நிறுத்திய ஏதோ ஒன்று திரும்பும்போது இல்லை. அதற்காகத்தான் இந்த வழியை நான் எதிர்க்கிறேன், செலவுகூட இரண்டாவதுதான்.

இதற்கு நேர் எதிரானது, வண்டிகளை ரயிலில் ஜம்முவரை அனுப்பி மலைப்பகுதியை மட்டும் ஓட்டுவது. கன்னியாகுமரியிலிருந்து கத்ரா போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை. ஈரோட்டிலோ சேலத்திலோ ஏற்றி ஜம்முவில் இறக்கலாம். இரண்டு விதமாக ஏற்றலாம். பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜாகப் போட்டால் நம்மோடு அதே ரயிலில் வரும், கட்டணம் கூடுதல். பார்சலாகப் போட்டால் சீட்டு வேண்டாம், கட்டணம் குறைவு, ஆனால் எந்த ரயிலில் இடம் இருக்கிறதோ அதில்தான் ஏறும். ஆர்.சி., அடையாள அட்டை நகல் வேண்டும். டாங்கில் பெட்ரோல் சொட்டு இருக்கக் கூடாது. பார்சல் ஆபீஸ் வாசலில் ஒருவர் ரப்பர் குழாயும் கேனுமாக நின்றுகொண்டு உறிஞ்சி எடுத்துக்கொடுப்பார். எடுத்த பெட்ரோல் அவருக்கே. சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கட்டுவதற்கு முன் கண்ணாடிகளை நாமே கழற்றிப் பையில் போட்டுக்கொள்வது நல்லது. ஒருமுறை தனியார் லாரி ஒன்றில் வண்டி அனுப்பி, கிளட்ச் லீவர் மீன்தூண்டில் மாதிரி வளைந்து வந்துசேர்ந்தது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் பையில் ஒரு லீவர் கூடவே வருகிறது.

ஜம்முவிலிருந்து திராஸ் போகவர எண்ணூற்றுச் சொச்சம் கி.மீ.தான். லீவு பத்து நாளில் முடியும், செலவு பாதிக்கும் கீழே. குடும்பஸ்தர்களுக்கு இதுதான் தோது. குறை என்னவென்றால், இது சுற்றுலாவாகத்தான் தெரியும். திருச்சியில் வண்டியைச் சாக்கில் கட்டி அனுப்பிவிட்டு “நினைவுப் பயணம்” என்று நோட்டீஸ் அடித்தால், ஹவில்தார் என்ன சொல்வார் என்று எனக்கு இப்போதே கேட்கிறது.

மூன்றாவது, வெறுங்கையோடு போய் ஸ்ரீநகரில் வாடகைக்கு எடுப்பது. 2025 ஜூனிலிருந்து கத்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயில் ஓடுவதால் போய்ச் சேர்வது எளிது. வாடகை வண்டி என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், விபத்து நடந்தால் காப்பீடு கைவிரிக்கும். லடாக்கில் வெளியிலிருந்து வரும் வாடகை வண்டிகளை உள்ளூர்ச் சங்கங்கள் எல்லா இடத்துக்கும் விடுவதில்லை. எதுவரை போகலாம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. பழகாத பிரேக்கை வைத்துக்கொண்டு ஸோஜிலா ஏறுவதில் எனக்கு விருப்பமில்லை.

என் யோசனை நாலாவது. வடக்கே போகும்போது முழுதாக ஓட்டுவது. திராஸ் சேர்ந்தபின் ஜம்மு வரை இறங்கி, அங்கே வண்டியையும் ஆளையும் ரயிலில் ஏற்றிவிடுவது. மொத்தம் 3,900 கி.மீ. போல வரும். பதினைந்து நாள் சாலையில், மூன்று நாள் ரயிலில் தூக்கம். ரயில் செலவு தாராளமாகப் பத்தாயிரம் போட்டாலும் ஆளுக்கு 48,000, 49,000-க்குள் அடங்கும். முதல் வழியோடு ஒப்பிட்டால் ஆறு பேருக்கும் சேர்த்து எண்பத்தைந்து, தொண்ணூறாயிரம் மிச்சம். அந்த மிச்சத்தை எங்கள் பங்காக முதல் நன்கொடையாக நோட்டில் எழுதிவிட்டு, பிறகு மற்றவர்களிடம் போகலாம்.

“அப்படியானால் ஓசூர் தாண்டி டெல்லி வரை ஓட்டுவதால் மட்டும் என்ன வருமானம்? அங்கே நம்மை யாருக்குத் தெரியும்?” என்று குழுவில் ஒருத்தி கேட்டாள். நியாயம்தான். ஆதிலாபாத்தில் யாரும் உண்டியலில் போடப் போவதில்லை. ஆனால் திருச்சியில் போடுகிறவர் நாம் ஓட்டுகிறோம் என்பதற்காகத்தான் போடுகிறார். இன்னொரு காரணமும் உண்டு. டெல்லியில் இந்தியா கேட் பக்கத்தில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவகத்தில், கிரானைட் பலகைகளில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். சரவணன் பெயரை அங்கே தேடிக் கண்டுபிடித்து நிற்பதற்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். திருச்சி, டெல்லி, திராஸ் என்று மூன்று இடங்களும் ஒரே சாலைப் பயணத்தில் வருவது ரயிலில் கிடைக்காது.

பிகார் ரெஜிமென்ட்டின் மையம் பாட்னா அருகே தானாப்பூரில் இருக்கிறது, அங்கேயும் போய் வருவோம் என்று ஒரு பேச்சு எழுந்தது. நாக்பூரிலிருந்து அந்தப் பக்கம் திரும்பினால் ஆயிரம் கி.மீ. போல கூடும். வேண்டாம் என்று விட்டோம். மனசுக்குக் கொஞ்சம் சங்கடம்தான்.

கடைசி மலையேற்றத்துக்கும் இரண்டு வழி உண்டு. மணாலி வழியாகப் போனால் 2020 அக்டோபரில் திறந்த 9 கி.மீ. அடல் சுரங்கத்தில் நுழைந்து பாரலாச்சா, தங்லங் லா கணவாய்களைத் தாண்டி லே வந்து, அங்கிருந்து கார்கில் வழியாகத் திராஸுக்கு இறங்கலாம். படங்களில் பார்க்கும் லடாக் இதுதான். ஆனால் மணாலி 2,050 மீட்டர். மறுநாள் சர்ச்சுவில் கூடாரம் போட்டால் 4,290 மீட்டர். சமவெளியில் பிறந்த உடம்புக்கு ஒரே நாளில் இது அதிகம். தலைவலி, வாந்தி, ராத்திரி தூக்கமின்மை என்று தொடங்கும். அலட்சியப்படுத்தினால் நுரையீரலில் நீர் கோக்கும். தங்லங் லா 5,328 மீட்டர். சுரங்கத்தைக் கடந்ததும் வரும் ‘தாண்டி’ என்ற ஊரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினால் அடுத்த பங்க் 365 கி.மீ. என்ற பலகை பைக்காரர்களிடையே பிரசித்தம்.

ஸ்ரீநகர் வழி படிப்படியாக ஏறும். ஸ்ரீநகர் 1,585 மீட்டர், சோனாமார்க் 2,700-க்கு மேல், ஸோஜிலா 3,528, திராஸ் 3,300-ஐ ஒட்டி. சோனாமார்க்கில் ஓர் இரவு தங்கினால் உடம்பு பழகிக்கொள்ளும். ஸோஜிலா உயரத்தில் சின்னது, குணத்தில் பொல்லாதது. மழை பெய்தாலோ பனி உருகினாலோ சாலை கூழாகிவிடும். முன்னால் டேங்கர் லாரி சக்கரம் போட்ட தடத்தில்தான் நாமும் போக வேண்டும்; தடத்தை விட்டு ஒரு முழம் விலகினால் கால் ஊன்ற இடம் இருக்காது. முன்பிரேக்கைத் தொடாமல், முதல் கியரில், பக்கத்துப் பள்ளத்தைப் பார்க்காமல் ஏறுவது. எதிரும் புதிருமாக வண்டிகள் ஒரே நேரத்தில் ஏறி இறங்காதபடி நேரம் ஒதுக்கி விடுவார்கள், அதைச் சோனாமார்க்கிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். சுரங்கப்பாதை வேலை நடந்துகொண்டிருக்கிறது. அது முடிந்தபின் வருகிறவர்களுக்கு இந்தப் பத்தி தேவைப்படாது. இரண்டு வழியில் எனக்கு இதுவே போதும். போரின்போது ராணுவ லாரிகள் போன சாலையும் இதுதான், எதிரியின் குண்டுகள் குறிவைத்ததும் இதைத்தான். நினைவிடம் இந்தச் சாலையோரத்திலேயே தோலோலிங் மலையடியில் இருக்கிறது. பட்டாலிக் கார்கிலிலிருந்து இன்னும் 60 கி.மீ. போல; எல்லைக் கோட்டை ஒட்டிய பகுதி என்பதால் கார்கிலில் நிலவரம் கேட்டு, விட்டால் போவோம்.

ஒரு சின்ன விஷயம், பலர் அங்கே போய்த்தான் திண்டாடுகிறார்கள்: நம்மூர் ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. ஆறு பேரில் இருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள்.

எந்த நாளில் போய்ச் சேர்வது என்பதில்தான் அதிகம் சண்டை வந்தது. மே 29 சரவணன் இறந்த நாள். அன்றைக்குத் திராஸில் இருக்க வேண்டுமானால் நாக்பூர், ஜான்சியை அக்னி நட்சத்திர வெயிலில் கடக்க வேண்டும். 45 டிகிரியில் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு ஆறு மணி நேரம். ஜூலை 26 கார்கில் வெற்றி நாள். அன்றைக்கு அரசு விழா நடக்கும், கூட்டமும் காவலும் அதிகம். போதாததற்கு அமர்நாத் யாத்திரைக் காலம் என்பதால் ஜம்மு–ஸ்ரீநகர் சாலையில் யாத்திரை வண்டிகளுக்காக மற்றவர்களை நிறுத்தி நிறுத்தி விடுவார்கள். மகாராஷ்டிரம் தொடங்கி மழை வேறு. செப்டம்பர் இரண்டாம் பாதியில் மழை ஓயத் தொடங்கும், பனி வந்திருக்காது, நினைவிடத்தில் நிதானமாக நிற்கலாம். தேதிக்குத்தான் பொருத்தமில்லை.

எனக்குச் செப்டம்பர்தான். மே 29 அன்று திருச்சி நினைவிடத்தில் மாலை போட்டுவிட்டு வசூலைத் தொடங்கலாம். கிளம்ப மூன்றரை மாதம் இருக்கும். பணம் கிளம்புவதற்கு முன்புதான் வருகிறது என்று போன தடவை தெரிந்துகொண்டோமே, அந்த அவகாசம் முழுதாகக் கிடைக்கும்.

பணத்தை வாங்குவதிலும் இரண்டு மூன்று வழிகள். “கி.மீ.க்கு ஒரு ரூபாய்” என்று வாக்குறுதி வாங்குவது கவர்ச்சியாக இருக்கும், நோட்டீஸில் நன்றாக விழும். நான் இதற்கு எதிரி. மழையில் நிற்க வேண்டிய நாளில் அது நிற்க விடாது. நூறு பேர் கி.மீ. கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பில் காய்ச்சலோடு வண்டி எடுத்த ஆளை நான் பார்த்திருக்கிறேன். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு என்று முன்னாலேயே வாங்கிவிட வேண்டும்.

யார் கணக்கில் வாங்குவது? யாராவது ஒருவரின் ஜிபேயில் என்பது பேச்சுக்கே இடமில்லை. நண்பர்கள் பகையாவதற்கு அதைவிடக் குறுக்குவழி கிடையாது. தேசியப் பாதுகாப்பு நிதிக்கு நேரடியாக அனுப்பச் சொன்னால் வருமான வரியின் 80ஜி பிரிவில் முழுத் தொகைக்கும் வரிக் கழிவு உண்டு, கணக்குத் தொல்லை நமக்கில்லை. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைக்குப் போகிறதா என்று காட்ட முடியாது. மாவட்ட ஆட்சியர் வழியாகக் கொடிநாள் நிதிக்குக் கொடுப்பது இன்னொன்று. நம்பகமானது, அதிலும் பெயர் சொல்லிக் காட்ட முடியாது. 80ஜி அங்கீகாரம் உள்ள அறக்கட்டளை ஒன்றின் கணக்கில் வாங்கி, கல்லூரிக்கே கட்டணமாகக் கட்டிவிடுவது எனக்குப் பிடித்த வழி. ரசீது கொடுக்கும்போது இரண்டை மறக்காமல் சொல்ல வேண்டும்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது.

வெளிநாட்டுச் சொந்தங்கள் விஷயத்தில் கவனம் தேவை. சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால், ஓ.சி.ஐ. என்ற வெளிநாட்டு இந்தியர் அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நிதி, அதைப் பெறுவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப் பதிவு இல்லாத அறக்கட்டளை அதை வாங்கவே கூடாது. பாசமாகக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்தான், சொல்லித்தான் ஆக வேண்டும்.

வண்டியைப் பற்றிக் கேட்பார்கள். எது ஓடுகிறதோ அது போதும். 125 சிசி வண்டியில் போய்வந்தவர்கள் நிறைய உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஹவில்தாரிடம் மறுபடி போனேன். செலவு எங்களுடையது, மிச்சம் இவ்வளவு, அது முதல் நன்கொடை, பணம் கல்லூரிக்கு நேரே போகும் என்றேன். “எந்தப் புள்ளைக்குனு முடிவு பண்ணிட்டீங்களா?” என்றார். இல்லை என்றேன். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், யாருக்கு அவசரம் என்று அவர்களுக்குத் தெரியும் என்றார். தாளை இந்தத் தடவை திருப்பித் தரவில்லை. வாசல் வரை வந்தவர், “கையுறை ரெண்டு ஜோடி எடுத்துக்குங்க தம்பி. ஸோஜிலால ஒண்ணு நனைஞ்சிடும்” என்றார்.